பாலரினாவின் புதிய பதிப்பு: கொழும்பிலே உருவான ஒரு கணினி மொழியின் சீர்திருத்தம்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வசிக்கும் ஒருவர், வெள்ளவத்தையிலே காலி வீதியோரத்துப் புடைவைக்கடை ஒன்றிற்குச் செலுத்தவேண்டிய 12,450 ரூபா 75 சதத்தைத் தமது கைத்தொலைபேசியின் வாயிலாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுப்புபவருக்கு அது ஒரு விரல் தொடும் காரியமே. ஆனால், அந்தத் தொடுகையின் பின்னே, அவருடைய வங்கியின் கணினியும், கடைக்காரருடைய வங்கியின் கணினியும், இரண்டுக்கும் நடுவே நின்று பணமாற்றத்தை நடத்திவைக்கும் லங்காபே வலையமைப்பின் கணினியும், பணம் வந்து சேர்ந்ததென்று கடைக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் தொலைபேசி நிறுவனத்தின் கணினியும், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மனிதரால் வெவ்வேறு முறைகளில் இயற்றப்பட்டவையாக இருந்தும், சில விநாடிகளுக்குள் தம்முட் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது.

இவ்வாறு தனித்தனியே பிறந்த அமைப்புகளைப் பேசவைக்கும் வேலைக்கு ஒருங்கிணைப்பு என்று பெயர். கணினித் துறையின் ஏனைய பகுதிகளுக்கு இருக்கும் கவர்ச்சி இதற்கு இல்லையாயினும், வங்கி, வைத்தியசாலை, சுங்கம், அரசாங்கத் திணைக்களம் ஆகியவற்றின் அன்றாடக் கருமங்கள் இதன்மேலேயே நிற்கின்றன. இந்த ஒரு வேலையையே பிரதான நோக்கமாகக் கொண்டு ‘பாலரினா’ என்னும் கணினி மொழி சிருஷ்டிக்கப்பட்டதென்பதும், அதன் பெரும்பகுதி கொழும்பிலுள்ள பொறியியலாளரின் கைகளால் உருவாயிற்றென்பதும் நம்மவருள் அநேகர் அறியாத விஷயங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவிலே பணியாற்றிப் பின் நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரண, போல் ஃபிரீமன்டில், தவனும் ஸ்ரீனிவாஸ் ஆகியோருடன் சேர்ந்து 2005-ஆம் ஆண்டிலே தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம், பல ஆண்டுகளாக ஒருங்கிணைப்புக்கான மென்பொருள்களை ஆக்கி உலகெங்கும் வழங்கிவந்தது. அந்த மென்பொருள்களுக்குக் கட்டளைகள் எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையிலே எழுதப்பட்டன. தரவுகளை ஒழுங்காக விவரிப்பதற்கென வகுக்கப்பட்ட அம்முறையிலே, “இன்ன நிபந்தனை நிறைவேறினால் இன்னதைச் செய்க, அல்லாவிடின் மீண்டும் முயல்க” என்பன போன்ற கட்டளைகளையும் எழுதப் புகுந்தபோது, சிறு வேலைகள் சுலபமாகவும், சற்றுப் பெரிய வேலைகள் பெருஞ் சிக்கலாகவும் முடிந்தன. அந்த அனுபவத்திலிருந்தே தனி மொழி ஒன்று வேண்டுமென்ற எண்ணம் பிறந்தது. எக்ஸ்.எம்.எல். முறையை 1990-களில் வகுத்த குழுவின் தொழினுட்பத் தலைவராயிருந்த ஜேம்ஸ் கிளார்க் என்னும் ஆங்கிலேயரே, அம்முறையின் எல்லையைக் கடப்பதற்காகப் பிறந்த இப்புதிய மொழியின் பிரதான வடிவமைப்பாளர்களுள் ஒருவராக வந்து சேர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

2017-இல் இம்மொழி பகிரங்கமாக்கப்பட்டது. 2019 செப்டெம்பரில் அதன் முதலாம் முழுப் பதிப்பாகிய 1.0 வெளிவந்தது, 2020-இன் நடுப்பகுதி முதல் முன்னோட்டங்களாகத் தலைகாட்டி, 2022 பெப்ரவரியில் நிறைவான வடிவம் பெற்று வெளியான பெரும் பதிப்பு, சைக்கோவ்ஸ்கியின் புகழ்பெற்ற பாலே நடனத்தின் பெயரால் ‘சுவான் லேக்’ என வழங்கப்படுகிறது. இக்கட்டுரை அப்பதிப்பு செய்த சீர்திருத்தங்களையும், அவற்றுக்கு அடிப்படையாக முதலிலிருந்தே மொழியில் அமைந்திருந்த சில தன்மைகளையும் விளக்க முற்படுவது.

கணினி மொழியொன்றின் புதிய பதிப்பு வெளியாகும்போது, அதில் என்னென்ன வசதிகள் கூடியுள்ளன என்று பட்டியலிடுவது வழக்கம். அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு பதிப்பின் தரத்தை மதிப்பிட இயலாது என்பதே என் அபிப்பிராயம். செய்நிரலாளர் எழுதுவதை யந்திரம் செய்யத்தக்க வடிவுக்கு மாற்றும் மென்பொருளைத் தொகுப்பி என்கிறோம். அது மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், எழுதப்பட்டது இலக்கணத்துக்கு அமைந்ததா என்று பரிசோதித்து, அமையாததை ஏற்க மறுக்கவும் செய்கிறது. ஆகவே, அதுவரை செய்நிரலாளரின் ஞாபகசக்தியையும் சிரத்தையையும் மட்டும் நம்பி விடப்பட்டிருந்த கடமைகளுள் எவற்றைப் புதிய பதிப்பு இலக்கணத்துக்குள் கொண்டுவந்து தொகுப்பியின் பொறுப்பாக்கியது என்பதே, அதனைப் பற்றி நாம் கேட்கவேண்டிய பிரதானமான வினா. நமது 12,450 ரூபா 75 சதத்தை அது செல்லும் வழியிலே தொடர்ந்து சென்றால், அவ்வினாவுக்கு விடை காணலாம்.

கைத்தொலைபேசியிலிருந்து வங்கிக்கு வந்து சேரும் செய்தி, பெரும்பாலும் ஜேசன் என்னும் எளிய எழுத்து வடிவில் இருக்கும். அனுப்புபவர் கணக்கு, பெறுபவர் கணக்கு, தொகை, குறிப்பு என்னும் உறுப்புகள் அதில் வரிசையாக அமைந்திருக்கும். பழைய மொழிகள் பலவற்றில் அது வெறும் எழுத்துச் சரமாகவே வந்து விழும்; அதனைப் பிரித்துப் பார்த்துத் தக்க உறுப்புகளாக ஆக்குவது செய்நிரலாளரின் தனி உழைப்பு. பாலரினாவிலோ ஜேசனும் எக்ஸ்.எம்.எல்லும் மொழியின் சொந்தத் தரவு வகைகள். வரவேண்டிய செய்தியின் அமைப்பைப் பதிவு என்னும் வகையாக ஒருமுறை வரையறுத்துவிட்டால், வந்த செய்தி அதற்குப் பொருந்துகிறதா என்னும் பரிசோதனை வாசலிலேயே நடந்துவிடுகிறது. ஒரு பொருள் எந்தப் பெயரால் பிரகடனப்படுத்தப்பட்டது என்பதை நோக்காமல், அதன் உறுப்புகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதையே நோக்கி வகையைத் தீர்மானிக்கும் இம்முறை, ஒருவரையொருவர் கலந்தாலோசியாத இரு நிறுவனங்களின் தரவுகளை இணைக்கும்போது மிகவும் பயன்படுவதாகும். பெறுபவரின் வங்கி நாளைக்கு ஓர் உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்தாலும், திறந்த பதிவாக வரையறுக்கப்பட்ட வகை அதனைச் சகித்துக்கொள்ளும்.

தொகையைக் குறிக்கும் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. சாதாரணக் கணினி எண்கள் இரண்டை அடியாகக் கொண்டு சேமிக்கப்படுவதால், 0.1 என்பதை அவற்றால் மிகச் சரியாகக் குறிக்க முடிவதில்லை, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். ஒரு தடவையில் அது அற்பம்; சதக் கணக்கிலே இலட்சக்கணக்கான தடவைகள் நிகழும்போது அற்பமன்று. 34 இலக்கங்கள்வரை பத்தை அடியாகக் கொண்டே கணக்கிடும் தசம வகை பாலரினாவில் அடிப்படை வகைகளுள் ஒன்றாக இருக்கின்றது. ஆயினும் எல்லாச் சிக்கலையும் வகைகள் தீர்த்துவிடுவதில்லை. பெறுபவரின் பெயர் ‘சிவகாமி’ என்றிருக்குமாயின், நமது கண்ணுக்கு அது நான்கு எழுத்து. அதன் நீளம் யாதென்று பாலரினாவைக் கேட்டால், உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணி, ஏழு என்று விடை சொல்லும். யூனிக்கோட் முறையைப் பின்பற்றும் மொழிகளுள் அநேகம் இவ்வாறே எண்ணுகின்றன. தமிழ்ப் பெயர்களை இத்தனை இடத்துக்குள் அடக்கவேண்டுமென்று விதி வகுப்போர் இதனை மனத்திற்கொள்வது அவசியம்.

செய்தியிலே ‘குறிப்பு’ என்னும் உறுப்பு இல்லாமலே போகலாம். இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணிப் பயன்படுத்துவதனால் விளையும் விபத்துகள் கணினி உலகின் மிகப் பழைய வியாதிகளுள் ஒன்று. அந்த வியாதியின் வரலாறு கொழும்பு வாசகருக்குத் தனிச் சுவை தருவது. 1965-இல் அல்கோல் டபிள்யூ என்னும் மொழிக்காக, எப்பொருளையும் சுட்டாத வெற்றுச்சுட்டு என்பதைப் புகுத்தியவர் டோனி ஹோர். அவர் 1934-இல் இதே கொழும்பிலே குடியேற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். விரைவு வரிசையாக்கம் என்னும் பிரசித்திபெற்ற முறையைக் கண்டவர். 1980-இல் டூரிங் விருது பெற்றவர். எளிதில் செய்யக்கூடியதாயிருந்தது என்னும் ஒரே காரணத்தால் தாம் புகுத்திய வெற்றுச்சுட்டு, நூறு கோடி டொலர் நட்டத்தை விளைத்த தவறு என்று 2009-இல் அவரே பகிரங்கமாகக் கூறினார். எந்த மாறியும் எந்த வேளையிலும் வெறுமையாக இருக்கக்கூடும் என்பதையும், அதனைச் சொல்லின் வடிவிலிருந்து அறிய வழியில்லை என்பதையும் நோக்கினால், அவர் கூற்றின் நியாயம் விளங்கும். பாலரினாவில், குறிப்பு என்பது எழுத்துச் சரம் என்று மட்டும் கூறப்பட்டிருந்தால் அது என்றும் வெறுமையாகாது. வெறுமையாக இருக்கக்கூடுமாயின் வகையின் ஈற்றிலே ஒரு வினாக்குறி இட்டு அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டபின், இருக்கிறதா இல்லையா என்று பரிசோதியாமல் அதனைச் சரமாக வழங்க முற்பட்டால், தொகுப்பி அவ்வரியைச் சுட்டிக்காட்டி நின்றுவிடும்.

அடுத்து, செய்தி வலையமைப்பின்மீது பயணஞ் செய்கிறது. பயணத்திலே தவறு நேர்வது விதிவிலக்கன்று, எதிர்பார்க்கத்தக்கதே. ஜாவா முதலிய மொழிகளிலே தவறு என்பது சாதாரணப் பாதையைவிட்டு வெளியே எறியப்படும் ஒன்று. அதனை யார் பிடிப்பார், எங்கே பிடிப்பார் என்பது நிரலின் முகத்தில் எப்போதும் தெரிவதில்லை. பாலரினாவில் தவறும் ஒரு மதிப்பு. நிரலின் ஓர் அலகாகிய செயற்கூறு “ரசீதைத் தருவேன், அல்லது தவறைத் தருவேன்” என்று தன் வகையிலேயே கூறிவிடுகிறது; அதனை அழைப்பவர் தவறைத் தாமே கையாள வேண்டும், அல்லது ‘செக்’ என்னும் ஒரு சொல்லை முன்னே இட்டு, தவறு வந்தால் அது தம்மை அழைத்தவருக்குப் போகட்டும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். பயனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதற்கென வேறு மதிப்புகளுக்கு வழங்கும் அடிக்கோட்டுக் குறியைக்கூடத் தவறு வரக்கூடிய இடத்தில் வழங்க முடியாது. வங்கி பதிலளிக்கவில்லை என்பதைக் கவனியாமல் விடுவது, இம்மொழியிலே மறதியால் நிகழக்கூடியதன்று.

இனி, சுவான் லேக் பதிப்பின் மிக ஆழமான சீர்திருத்தத்துக்கு வருவோம். கணவனும் மனைவியும் ஒரு கூட்டுக் கணக்கு வைத்திருக்கின்றனர். அதில் 20,000 ரூபா இருக்கின்றது. கணவர் கொட்டாஞ்சேனையிலிருந்து 12,450 ரூபா 75 சதத்தை அனுப்பும் அதே கணத்தில், மனைவி வேறிடத்திலிருந்து 15,000 ரூபாவை எடுக்க முயல்கிறார். இரு வேண்டுகோள்களையும் ஒரே வேளையில் கையாளும் கணினி, முதலாவதற்காக மீதியைப் படித்து 20,000 என்று காண்கிறது, அதைக் குறைத்து எழுதுமுன்னரே இரண்டாவதற்காகவும் படித்து 20,000 என்றே காண்கிறது, இரண்டும் அனுமதிக்கப்படுகின்றன. இவ்வகைப் பிழை, ஆயிரம் தடவை பரிசோதித்தாலும் தலைகாட்டாமல், பண்டிகைக்கால நெரிசலில் ஒருநாள் தோன்றி மறைவது. மீண்டும் வரவழைத்துப் பார்ப்பதும் அரிது. இதற்குப் பரிகாரமாகிய பூட்டு பழைய மொழிகளிலும் உண்டு. பூட்ட மறந்தவரை எச்சரிப்பார்தாம் இல்லை.

சுவான் லேக், ‘ஐசொலேட்டட்’, அதாவது தனிமைப்படுத்தப்பட்டது, என்னும் ஒரு தகுதிச்சொல்லை மொழிக்குள் கொண்டுவந்தது. ஒரு செயற்கூறு அத்தகுதியைப் பெறவேண்டுமாயின், மாறக்கூடிய பொதுத் தரவு எதனையும் அது தாறுமாறாகத் தொடலாகாது. அத்தகுதியுடைய பொது மாறி ஒன்றைப் பூட்டுக்கு உள்ளே நின்றே அணுகலாம். பூட்டினுள்ளிருந்து அதன் பகுதியொன்றை வெளியே கசியவிடவும் கூடாது. இவ்விதிகள் அனைத்தையும் நிரல் ஓடுவதற்கு முன்பே தொகுப்பி சரிபார்க்கிறது. இதன் பயன் சரிபார்த்தலோடு நிற்பதில்லை. வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்களை ஏற்கும் பகுதி, சேவை இத்தகுதியைப் பெற்றிருந்தால் மட்டுமே பல வேண்டுகோள்களை ஒரே வேளையில் அதனிடம் ஒப்படைக்கும்; பெறாதவிடத்து ஒவ்வொன்றாகவே அனுப்பும். வேகம் வேண்டுமாயின் ஒழுங்கை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காதவர் மெதுவாகச் செல்வாரே தவிர, பிழையாகச் செல்லமாட்டார். பாதுகாப்பையே இயல்பு நிலையாகவும் வேகத்தை ஈட்டவேண்டிய சலுகையாகவும் வைத்த இந்த ஏற்பாட்டை இப்பதிப்பின் சிறந்த அம்சமாக நான் கருதுகிறேன்.

பணம் ஒரு கணக்கில் கழிக்கப்பட்டு மற்றதிற் சேர்க்கப்படாமல் நடுவழியில் நின்றுவிடலாகாது என்பது வேறொரு கவலை. இரண்டும் நிகழவேண்டும், அல்லது இரண்டும் நிகழாதனவாக ஆகவேண்டும் என்னும் இக்கொள்கை தரவுத்தளத் துறையிலே நெடுங்காலமாக உள்ளது. அதனை மொழியின் இலக்கணத்திலேயே ஒரு வாக்கிய வகையாக அமைத்திருப்பது பாலரினாவின் ஒரு சிறப்பு. சுவான் லேக் பதிப்பில் இப்பகுதி மீளவும் ஆராய்ந்து திருத்தப்பட்டது. பரிவர்த்தனைக் கூற்றினுள்ளே முடிவை உறுதிசெய்யும் கட்டளை எங்காவது எழுதப்படாவிடின் தொகுப்பி ஏற்காது. பரிவர்த்தனைக்குள் மட்டுமே அழைக்கத்தக்கது என்று குறிக்கப்பட்ட செயற்கூறினை வெளியே நின்று அழைத்தாலும் ஏற்காது. ஆயினும் இதன் எல்லையையும் சொல்லவேண்டும். தன் ஆளுகைக்கு உட்பட்ட தரவுத்தளங்களையும், தன் நெறியை அறிந்த சேவைகளையும் மொழி ஒழுங்குபடுத்தலாம். வேறொரு வங்கியின் பழைய கணினி பதில் அளிக்குமுன் இணைப்பு அறுந்துபோனால், பணம் சேர்ந்ததா இல்லையா என்பதை எந்த இலக்கணமும் கூறமாட்டாது. நாள் முடிவிலே இரு தரப்புக் கணக்குகளையும் ஒப்புநோக்கும் பழைய வழக்கம் அதனாலேயே இன்னும் அவசியமாயிருக்கிறது.

இந்தப் பிரயாணம் முழுவதையும் ஒரு படமாகப் பார்க்கும் வசதியும் இம்மொழியில் உண்டு. ஒரே நிரலுக்குள் ஒரே வேளையில் இயங்கும் வேலையாட்களைத் தனித்தனியே பெயரிட்டு எழுதலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செய்தி செல்வதும், வெளியிலுள்ள சேவையை அழைப்பதும் அம்புக்குறியால் எழுதப்படும். அவ்வாறு எழுதப்பட்ட நிரலிலிருந்து, ஒவ்வொருவரையும் ஒரு நெடுங்கோடாகவும், ஒவ்வொரு செய்தியையும் குறுக்கே செல்லும் அம்பாகவும் காட்டும் தொடர்வரிசைப் படத்தை யந்திரமே வரைந்துவிடுகிறது. முன்னர் வடிவமைப்பாளர் வரைந்த படமும், செய்நிரலாளர் எழுதிய நிரலும் சில மாதங்களில் ஒன்றையொன்று மறந்துபோவது வழக்கம். இங்கே படம் நிரலிலிருந்தே பிறப்பதால் முரண்பட வழியில்லை. தனித்து இயங்கும் செயல்கள் செய்திகளால் மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும் என்னும் கருத்தை 1978-இல் விரித்துரைத்தவரும், முன் கூறிய டோனி ஹோர் அவர்களே.

தரவுக் கூட்டங்களிலிருந்து வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் வினவல் கோவைகளும் சுவான் லேக் பதிப்பின் குறிப்பிடத்தக்க அம்சங்களுள் அடங்கும். ஒரு நாளின் பணமாற்றங்களுள் 10,000 ரூபாவுக்கு மேற்பட்டனவற்றை மட்டும் எடுத்துத் தொகைவாரியாக அடுக்கித் தருக என்பதை, சுழல் மேல் சுழலாக எழுதாமல், எடுக்கவேண்டியது எது, நிபந்தனை எது, வரிசை எது என்று மூன்று தொடர்களில் எழுதிவிடலாம். பின்வந்த புதுப்பிப்புகளிலே, அவ்வாறு எடுத்தவற்றைக் கிளைவாரியாகப் பிரித்துக் கூட்டும் தொடர்களும், எழுத்துச் சரங்களில் ஒழுங்குகளைத் தேடும் கோவைகளும் சேர்ந்தன. இவை சௌகரியங்கள், வரவேற்கத்தக்கவையே.

இத்தகைய சீர்திருத்தத்துக்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. முந்திய பதிப்புக்கு எழுதிய நிரல்கள் பலவும் சுவான் லேக் பதிப்பிலே அப்படியே ஓடமாட்டா. பைதன் மொழியின் வரலாறு அந்த விலை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதைக் காட்டுகிறது: 2008 டிசெம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பு இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போகாமையால், உலகம் முழுவதும் இரு பதிப்புகளையும் ஒருங்கே பேணிக்கொண்டு பதினொரு ஆண்டுகள் அல்லற்பட்டு, 2020 ஜனவரி முதலாந் திகதியன்றே பழையதற்கு விடைகொடுக்க முடிந்தது. ஜாவாவோ, பழைய நிரல்களைக் கைவிடாமை என்னும் விரதத்தைப் பெரும்பாலும் காத்து, அதற்காகவே சில பழைய குறைகளையும் சுமந்து செல்கிறது. பாலரினாவின் வடிவமைப்பாளர், பயன்படுத்துவோர் தொகை சிறிதாயிருக்கும்போதே இடித்துக் கட்டுவது, பெருகியபின் ஒட்டுப்போடுவதிலும் மேல் என்று தீர்மானித்தனர். அந்தத் தீர்மானம் சரியானதென்றே நினைக்கிறேன். அதன்பின் வந்த புதுப்பிப்புகள் சுவான் லேக் என்னும் அதே அடித்தளத்தின்மீதே அடுக்கப்பட்டன. 2025-இன் தொடக்கத்தில் வந்த 11-ஆம் புதுப்பிப்பு, ஜாவாவின் 21-ஆம் பதிப்பிலுள்ள இலேசான மெய்நிகர் இழைகளின்மீது இம்மொழியை ஓடச் செய்து, எழுதுபவர் கைவைக்காமலே அடியிலுள்ள யந்திரத்தை மாற்றியமைத்தது.

ஆயினும் பெரிய மொழிகளுக்கு இருப்பதுபோன்ற நூல்களும், ஆசிரியர்களும், ஆயத்தமான துணைநிரல்களும் பாலரினாவுக்கு இன்னும் இல்லை. ஒருங்கிணைப்பு வேலைக்கு வெளியே அதனைத் தெரிந்தெடுக்கக் காரணமும் அதிகம் இல்லை. நம் பாடசாலைகளிலே உயர்தர வகுப்பு மாணவர் பயில்வது பைதனே, அது பொருத்தமானதும்கூட. பைதனும் இதே திசையிலேதான் நகர்கிறது: 2015-இல் வந்த அதன் 3.5 பதிப்பு, தரவு வகையைக் குறித்துவைக்கும் வழக்கத்தை விரும்பினால் மேற்கொள்ளலாம் என்று அனுமதித்தது. பாலரினா கட்டாயமாக்கியதைப் பைதன் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்துப் பயிலும் மாணவனுக்கு, விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் இடையே எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பதே மொழி வடிவமைப்பின் மையப் பிரச்சினை என்பது தானாகவே புலப்படும்.

அவ்வாறு பயில்வதற்குக் கொழும்பு மாணவனுக்கு விசேஷமான ஒரு வாய்ப்பு உண்டு. பாலரினாவின் மூலநிரலும் இலக்கண வரையறையும் எவரும் படிக்கவும் திருத்தம் முன்மொழியவும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எழுதியவர்களுள் அநேகர் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்திலே வேலை செய்பவர்கள். அடுத்த பதிப்பின் பட்டியல் வெளியாகும்போது ஒவ்வொரு வரியின் அருகிலும், இது கைக்கு வசதியா, அல்லது இதுவரை மனிதரின் ஞாபகத்தில் தங்கியிருந்த கடமையொன்றை இலக்கணம் ஏற்றுக்கொண்டதா என்று அவன் எழுதிப் பார்க்கட்டும். எந்தக் கடமை இன்னும் ஏற்கப்படாமல் வெளியே நிற்கிறது என்பதை அந்தப் பயிற்சியிலே கண்டுபிடிப்பவன், அதனை முன்மொழிந்து அதற்கடுத்த பதிப்பை எழுதுவோருள் ஒருவனாகச் சேர்வதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.